நாலு மணிக்கு எழுதிய பலகை

பலகையைக் கொண்டுவந்து மாட்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழியை முதலாளி தலையில் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக நிற்க எனக்கு வராது.

சங்கரன்கோவிலில் நைட்டி தைக்கிற ஒரு கம்பெனியில் நான் சூப்பர்வைசர். என்னிடம் பதினெட்டுப் பெண்கள். அதற்கு முன் ஏழு வருடம் அங்கேயே மிஷினில் உட்கார்ந்து தைத்தவள். பக்கத்து மிஷின்காரி நாற்பது தைத்தால் நான் நாற்பத்தொன்று தைக்காமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால் சூப்பர்வைசர் ஆனதும் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். தினமும் நாலு மணிக்கு யார் எத்தனை பீஸ் என்று பலகையில் எழுதுவேன், உரக்க வாசிப்பேன், படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். எல்லார் உடம்பிலும் என் ரத்தம்தான் ஓடுகிறது என்று ஒரு நினைப்பு.

சிவகிரியிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒருத்திக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது. வாயும் ஓயாது, கையும் ஓயாது. மூன்றரைக்கே அடுத்தவள் மேஜையை எட்டிப் பார்த்துவிட்டு மிஷினை இன்னும் வேகமாக விடுவாள். முதல் பெயர் எப்போதும் அவளுடையது.

கடைசிப் பெயர் கரிவலம்வந்தநல்லூர்க்காரி ஒருத்தியுடையது. கழுத்துப் பட்டி தைப்பவள். நாம் பத்து வார்த்தை பேசினால் ஒன்று பேசுவாள். வீட்டுக்காரர் லோடு இறக்கும்போது இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டதால் வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். தைப்பதே குறைவு, அதிலும் செக்கிங்கில் தினமும் ஏழெட்டு பீஸ் திரும்பிவரும். முதலாளி பலகைப் படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒரு திங்கட்கிழமை நேரில் வந்தார்.

“சனிக்கிழமையோட அவள நிப்பாட்டிரும்மா” என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

அனுப்புவதற்கு முன் நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று, திரும்பிவந்த பீஸ்களைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பீஸ் கட்டோடும் தைத்த நேரம் எழுதிய சீட்டு இருக்கும். காலையில் தைத்த கட்டுகளிலிருந்து ஒன்றுகூடத் திரும்பவில்லை. வந்தது அத்தனையும் மூன்று மணிக்கு மேல் தைத்தவை. மறுநாள் மூன்று மணிக்கு அவளைக் கவனித்தேன். பலகையைப் பார்ப்பாள், தைப்பாள், பிரிப்பாள், மறுபடியும் பலகையைப் பார்ப்பாள்.

“ஏட்டி, என்னட்டி ஆச்சு ஒனக்கு?”

“பேர வாசிப்பியள்லாக்கா. நெனச்சாலே கை வெறச்சிருது.”

முதலில் கோபம்தான் வந்தது. பெயரை வாசிப்பதற்கெல்லாம் ஒரு பயமா? பிறகு அந்தக் கோபம் என் மேலேயே திரும்பியது. நல்ல வேலைக்காரி ஒருத்தியை நானே கெடுத்து, நானே வெளியே அனுப்பப் பார்த்திருக்கிறேன். அவளை அனுப்புவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மறுநாள் காலையிலேயே பலகையைக் கழற்றினேன். அன்று சிவகிரிக்காரி பாதி வேகத்தில்தான் தைத்தாள். “எழுதிப் போடலன்னா எனக்கு ஓட மாட்டேங்குக்கா” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவள் சொன்னதும் நியாயம்தான். மறுபடியும் மாட்டினேன். விரும்புகிறவர்கள் பெயர் மட்டும் பலகையில். மற்றவர்கள் ஒரு சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தால் போதும்.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. “ஆளுக்கு ஒரு சட்டமாம்மா?”

“ஆமா அண்ணாச்சி. ஆளுவ வேற வேறயாத்தான இருக்காளுவ. சனிக்கிழம வரைக்கும் பாருங்க. சரிப்படலன்னா அவகூட நானும் போயிருதேன்.”

வீம்புக்குச் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கிவிடத் தயாராகத்தான் இருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. அந்த மூன்று நாளில் அவள் தைத்ததில் ஒரு பீஸ்கூடத் திரும்பவில்லை. ஆனால் ஒரு நாளைக்குத் தைத்தாக வேண்டிய கணக்குக்கு நாலு பீஸ் குறைவாகவே இருந்தது. முதலாளி அந்த நாலையே பிடித்துக்கொண்டார். பிரித்துத் தைக்கிற வேலை மிச்சமாவதை நான் விடாமல் எடுத்துச் சொன்னேன். கடைசியில், “ஒரு மாசம் பாப்போம்” என்று எழுந்து போனார்.

ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் துணியை மடித்து வைத்துவிட்டு, நிதானமாக என்னைப் பார்த்தாள்.

“யக்கா, ஒண்ணு சொன்னா கோவப்படாதிய. மூணு மணிக்கு மேல எம் பின்னால வந்து நிக்காதிய. அந்த நாலு பீஸும் அதுலதான் போவுது.”

அவளுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று நினைத்து, அந்த மூன்று நாளும் நான் அங்கேதான் நின்றிருந்தேன். முகமெல்லாம் சுட்டது. “சரிட்டி” என்றேன்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். கழுத்து வலித்தது, ஆனாலும் நாலு மணிவரை உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை.