வலிக்குதா சாந்தி?

போன மாதம் ஒரு நாள். கேரளத்துச் சித்தூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் மணிகண்டன், மனைவி சாந்தியோடு பாலக்காட்டுக்குப் புறப்பட்டார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். சைக்காலஜிஸ்டைப் பார்க்க வேண்டுமாம்.

சாந்திக்குச் சில வருடங்களாக உடம்பெல்லாம் வலி. ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. தெரியாததாலேயே பாதிப் பேர் நம்பவும் மாட்டார்கள். மருந்து கொடுக்கும் டாக்டரே கவுன்சலிங்குக்கும் போகச் சொல்லிவிட... வழியெல்லாம் அழுகை.

"ஏனுங்ணா, நான் நடிக்கறேன்னு டாக்டரும் முடிவு பண்ணீட்டாருங்களா?"

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

சாந்தி கேட்டுக்கொண்டதால் நாங்களும் உள்ளே உட்கார்ந்தோம். சைக்காலஜிஸ்ட் இளம்பெண். மலையாளம் கலந்த தமிழில் முதலில் சொன்னது இதுதான்: "உங்க வேதனை உள்ளதுதான் சாந்தி. மனசு உண்டாக்கினதில்ல. அதோட எப்படி ஜீவிக்கறதுன்னு பார்ப்போம்."

சாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த கேள்வி மணிகண்டனுக்கு. "வீட்டுல சாந்தி என்ன செய்வாங்க?"

"ஒண்ணுமே செய்ய உட மாட்டனுங்க. சமையல், துணி எல்லாம் நாந்தான்."

பெருமையாகத்தான் சொன்னார். உண்மையும்கூட. கஞ்சிக்கோட்டு ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்து துணி துவைக்கும் மனிதர். நடுநடுவே "வலிக்குதா சாந்தி?" என்றும் கேட்டபடி இருப்பார்.

"அந்தக் கேள்விய நிறுத்தலாமா?" என்றார் சைக்காலஜிஸ்ட். கேட்கக் கேட்க, மனம் வலிக்கே காவல் உட்காருமாம். முடிந்த வேலையைச் சாந்தி செய்யட்டும். வலி ஏறும் முன்பே ஓய்வெடுக்கட்டும் என்றார்.

மணிகண்டன் முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்ததும் கேட்டார்: "நல்லாப் பாத்துக்கிட்டது தப்புங்களா?"

சாந்திதான் பதில் சொன்னார். "தப்பில்லீங்க. ஆனா நீங்க கேக்கறப்பல்லாம் நான் நோயாளின்னுதான் நெனப்பு வருது. உங்க பொண்டாட்டிங்கறதே மறந்து போச்சுங்க."

அக்கறையிலும் அளவுச் சாப்பாடுதான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் போலிருக்கிறது!

தொடர்ந்து போய் வருகிறார்கள். வலி போய்விடவில்லை. சில நாள் சாந்தி படுத்தே கிடக்கிறார். முடிகிற நாளில் ஸ்டூலில் உட்கார்ந்து குழம்பு தாளிக்கிறார். மணிகண்டனுக்குக் கேள்வி நாக்கு நுனி வரை வரும் — விழுங்கிவிடுவார்.

போன ஞாயிறு காலை பக்கத்து வீட்டில் ஒரே சத்தம்.

"புளி கரைக்கத் தெரியாதவங்க அடுப்பு பக்கமே வராதீங்க!" சாந்தியின் குரல்.

கொஞ்ச நேரத்தில் மணிகண்டன் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏனுங்ணா, கேட்டீங்களா? என்னைத் திட்டறாளுங்க!"

அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்டு இவ்வளவு நிம்மதியாக நான் காபி குடித்ததே இல்லை.