மாவுக்குப் பிணை ஒற்றைச் செருப்பு

இன்று காலை பாத்திரம் எடுக்காமல் மாவுக் கடைக்குப் போய்விட்டேன். பிளாஸ்டிக் கவருக்குத் தடை என்பது அங்கே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கால் மணி நேரத்தில் அம்மாவை ஏற்ற பட்டாசுக் கம்பெனி வேன் வந்துவிடும். தோசை இல்லையென்றால் அம்மா பட்டினியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும்.

“பாய், சட்டைப் பையில ஊத்துங்க.”

“ஊத்துவேன்லே. உங்கம்மா என்னைய வெளக்கமாத்தால அடிப்பாக” என்றவர், கடைத் தூக்குவாளியில் மாவை ஊற்றி நீட்டினார். “ஒத்தச் செருப்ப இங்கன விட்டுட்டுப் போ. வாளியக் குடுத்துட்டு வாங்கிக்க.”

நொண்டியடித்து ஓடினேன். அம்மா மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு வேன் ஏறினார். நன்றி பாய்!

வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனால், அங்கே இன்னும் நான்கு ஒற்றைச் செருப்புகள். அதில் பச்சை வார் வைத்தது நேற்றிலிருந்தே கிடக்கிறதாம்.

பச்சை வார்ச் செருப்புக்காரரே, யார் நீங்கள்? ஒற்றைக் காலில் நிற்காமல் வாளியைக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கும் நான் மறந்துவிட்டுத்தான் போவேன்.