கணினியிடம் சொன்ன ‘ஓம்’

நஸீம் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்மாதேவி கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவினாள். கதிரையில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலருகே போய் கண்டி மஹய்யாவ வீதியைப் பார்த்தாள். அவன் கூப்பிட்ட வேலைக்குப் போவதா வேண்டாமா என்பது ஒரு வாரமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

இருவரும் பேராதனையில் ஒன்றாகப் படித்தவர்கள். கலகெதரைக்காரனான நஸீம், யுத்தம் உக்கிரமாயிருந்த அந்த இரண்டாயிரத்தெட்டில், கொழும்பில் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்கென்று சின்னதாக ஒரு கம்பெனி தொடங்கியிருந்தான். மனிதர் பேசும் தமிழைக் கணினி விளங்கிக்கொள்ள வேண்டும். படிக்கும் காலத்தில் பத்மாதேவி ஆசைப்பட்ட வேலை அது. இப்போது அவள் ஒரு கடை மாடியில் பிள்ளைகளுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுக்கிறாள். கணவன் போனதிலிருந்து அதற்கு மேல் எதையும் தொட மனம் வரவில்லை.

கணவன் இராஜரத்தினம் பிறந்தது நாவலப்பிட்டியில். தகப்பனுக்கு அங்கே ரயில்வேயில் வேலை. அடையாள அட்டையிலும் நாவலப்பிட்டிதான். பேச்சு மட்டும் வீட்டாரின் யாழ்ப்பாணப் பேச்சு. அந்தப் பேச்சு காதில் விழுந்தாலே சந்தேகப்படுவார்கள் என்று, கொழும்பு பஸ்ஸில் சோதனைச் சாவடி வந்தால் அவன் தூங்கிவிடுவான். பதில் சொல்வது அவள்.

“நல்லாத் தூங்குனீங்க” என்று பிறகு கேலி செய்வாள்.

“குறட்டையும் விட்டனான், கேக்கேல்லையோ?” என்பான்.

தனியாகப் போகும் நாட்களுக்கென்று அவளே சில வசனங்களைப் பழக்கியிருந்தாள். ‘ஆமாங்க. கண்டிதாங்க. வேலைக்குப் போறேங்க.’ இரண்டு வருஷத்துக்கு முன் அப்படித் தனியே போன அன்று, தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் பஸ்ஸில் ஏறிக் கண்டியா என்று கேட்டபோது, இராஜரத்தினத்தின் வாயில் ‘ஆமாங்க’வுக்குப் பதில் யாழ்ப்பாணத்து “ஓம்” வந்துவிட்டது. இறக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்து இருக்கைக்காரர் தேடி வந்து சொன்னது அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

நஸீம் வந்ததும் மடிக்கணினியைத் திறந்தான். “குரல வெச்சே எந்த ஊருண்டு எங்கட மிஷின் இப்ப சொல்லுது, பத்மா. ஊர் தெரிஞ்சாத்தான் பேச்சு சரியா வெளங்கும். பேசிப் பாருங்களேன்.”

அவள் ஒலிவாங்கியை எடுத்தாள். தன் பேச்சுத்தான் வரும் என்று நினைத்தாள். வந்தது வேறு.

“ஓம். போட்டு வாறன்.”

வெளியே கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இராஜரத்தினம் சொல்வது.

திரையில் ‘யாழ்ப்பாணம்’ என்று எழுந்தது.

நஸீம் கைகொட்டிச் சிரித்தான். “அதையே ஏமாத்திட்டீங்களே! மஹய்யாவப் பொம்பளய யாழ்ப்பாணம்டு சொல்லுது. இதுக்குத்தான் நீங்க வேணும். இப்பிடி நடிக்கிறவங்களையும் அது பிடிச்சிடணும். அதப் பழக்க ஒங்களாலதான் ஏலும்.”

பத்மாதேவி ஒலிவாங்கியை மேசையில் வைத்தாள். “இத யாரு வாங்குவாங்க, நஸீம்?”

“பேங்க், டெலிபோன் கம்பெனி… கேக்குறவங்க ஆருண்டாலும்…” அவன் குரல் தணிந்தது. “நான் அப்பிடி யோசிக்கல்ல, பத்மா.”

“நான் வரல.”

“ஒங்களுக்கே அளவெடுத்த வேல இது.”

“தெரியும். அதனாலதான் வரல.”

அவன் போன பிறகும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் குடித்த கோப்பையைக் கழுவினாள். இன்னொரு தடவையும் கழுவினாள். பிறகு, யாருமில்லாத வீட்டில், “ஆமாங்க, கண்டிதாங்க” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அந்த வசனத்தில் இராஜரத்தினம் எந்த இடத்தில் தடுக்குவான் என்பது அவளுக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருந்தது.