ஒரே பெயரில் இரண்டு நாவல்கள்

பதுளைப் புத்தகக் கடையில் அன்று கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்), தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, நான் மூவரும் இருந்தோம். கணக்கப்பிள்ளையின் மனைவி இப்போது அவரோடு இல்லை. இந்தியாவுக்குப் போனவர் திரும்பவேயில்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் காலைப் பெரட்டில் வேலையாட்களின் பெயர் வாசிக்கும் அந்த ஒல்லியான கணக்கப்பிள்ளை, ஒரே குடும்பத்தின் கதையை மூன்று நாவல்களாக எழுதியிருந்தார். படியெடுத்துக் கொடுத்தவன் நான். முதல் நாவலுக்கு மனைவியின் பெயர். அச்சாகி வந்த மூன்றாவதின் அட்டையைப் பார்த்தவர், "இதுக்கும் அவ பேரையே போடுங்க" என்றார்.

"ரெண்டுக்கும் ஒரே பேரா? வாங்குறவன் என்னை அடிக்க வருவான்!" என்று நானா சிரித்தார்.

"பெரட்டுல எல்லாப் பேரும் வாசிச்சு முடிச்சதும், பதில் வராத பேர மறுபடி கூப்பிடுவேன் நானா. அது மாதிரிதான்."

நானா அந்த அட்டையைக் கழற்றி ஓரமாக வைத்தார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. புது அட்டைக்குக் கணக்கப்பிள்ளையின் ஒரு மாதச் சம்பளம் போயிற்று.