ஆமை செம்பூருக்குப் போன பாடம்

கணக்கைத் தனியாக, அறிவியலைத் தனியாக நடத்துவது குழந்தைகளின் மனதைக் கூறுபோடுவது என்று மாட்டுங்காவில் ஒரு ஏசி அறையில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எல்லாப் பாடத்தையும் ஒரே கதைக்குள் வைத்துவிட வேண்டுமாம். கண்ணை மூடி நதியாக மாறச் சொன்னார்கள்; மாறினேன். நல்ல ஃபில்டர் காபியும் சூடான வடையும் கொடுத்தால் நான் எதை வேண்டுமானாலும் நம்பக்கூடியவள்.

நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தாராவிப் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு நான் தற்காலிக டீச்சர். ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, கும்பிடு போட்டு அனுப்புவதா என்பது ஒரு மாதிரி வகுப்பைப் பார்த்துத்தான் முடிவாகும். பார்க்க ஒரு அதிகாரி வருவதாக இருந்தது.

எங்கள் தலைமையாசிரியை தலைமுறை தலைமுறையாக மாட்டுங்காவாசி. "இங்க பாரும்மா, கதையோ கத்திரிக்காயோ, ஆபீசர் முன்னாடி கிளாஸ் உயிரோட இருக்கணும். உன் ரின்யூவலே அதுலதான் இருக்கு. அப்புறம் எங்கிட்ட வந்து அழப்படாது" என்றார்.

நான் அழுகிற ஜாதி இல்லை. ஒரே ராத்திரியில் கதை தயார். மாஹிம் கழிமுகத்தில் இருக்கும் ஓர் ஆமை, செம்பூரில் இருக்கும் அக்காவைப் பார்க்கக் கிளம்புகிறது. எத்தனை அடி நடக்க வேண்டும்? கணக்கு. முதுகில் ஏன் ஓடு? அறிவியல். வழியில் என்னென்ன பேட்டைகள்? புவியியல். அவசரப்படாமல் போகிறதே, அது நன்னெறி. மறுநாள் விஷயம் கேள்விப்பட்ட மராத்தி டீச்சர், தன் பாடத்துக்கு ஒன்றுமில்லையா என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இலை கிடைக்காத சம்பந்தி மாதிரி. சரியென்று, மராத்தியில் வழி சொல்லும் நண்டு ஒன்றைச் சேர்த்தேன். சார்ட் பேப்பரில் வெட்டிய நண்டு, முறை வரும்வரை மேஜைக்கு அடியில் காத்திருந்தது.

அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மராத்திக்காரர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நான் குரலைத் தாழ்த்தி, கண்ணை விரித்து, ஆமையை மெல்ல நடக்கவிட்டேன். முதல் பெஞ்சு ரெட்டை ஜடைக்காரி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அது ஏன் நடக்கு? மாஹிம்ல ரயிலு ஏறி வடாலாவுல மாறுனா செம்பூரு வந்துரும்லா?"

"ஏட்டி, வடாலா எதுக்கு?" என்று எழுந்தான் பின்னாலிருந்த ஒருவன். "சயான்ல ஏறி குர்லாவுல மாறு. ஜல்தி போயிரலாம்."

"போலே, சயான்ல கூட்டம் நசுக்கிப் போடும்."

"அதுக்குத்தான ஓடு இருக்கு!"

என் அறிவியல் பாடம் அத்துடன் முடிந்தது. ஆமைக்கு டிக்கெட் உண்டா என்று ஒருத்தி கேட்டாள். குட்டியென்றால் வேண்டாம் என்றது ஒரு கட்சி. ஆமைக்கு நூறு வயது இருக்கும், அது சீனியர் சிட்டிசன், உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்றது இன்னொரு கட்சி. நாற்பது நிமிடம் நடக்க வேண்டிய ஆமை, ஐந்தே நிமிடத்தில் செம்பூர் ஸ்டேஷனில் இறங்கிவிட்டது.

பதறிப்போய் மழையை இறக்கினேன். "அன்னைக்குப் பெரிய மழை. ரயிலே ஓடலை."

"சூப்பர் டீச்சர்! ரோடெல்லாம் தண்ணி. நீந்தியே போயிரும்."

நண்டை வெளியே எடுத்தேன்.

"இது எதுக்கு டீச்சர் வந்துச்சு?"

"ஆமைக்கு வழி சொல்ல."

"வழிதான் நாங்க சொல்லிட்டோம்லா?"

மாஹிம் கட்சி சாக்பீஸைப் பறித்துக்கொண்டு போர்டில் கோடு போட்டது. சயான் கட்சி அதை அழித்துவிட்டு வேறு கோடு போட்டது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டேயிருந்தார். என் சீட்டைக் கிழிக்கிறார் என்றே நினைத்தேன்.

மணி அடித்ததும் வந்து என் கையைக் குலுக்கினார். குழந்தைகள் தாங்களே வரைபடம் போடுகிறார்கள், வாதம் செய்கிறார்கள், பஹுத் பஹுத் அச்சா! இவ்வளவு இயல்பாகச் சண்டை வருகிற மாதிரி கதையை எப்படி அமைத்தீர்கள்? வாசலில் நின்ற தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் ஒப்பந்தத்தை நினைத்துக்கொண்டேன்.

"பிளான் பண்ணினதுதான் சார்" என்று இந்தியில் சொன்னேன்.

அதற்குக் கிடைத்த பரிசு: அடுத்த வாரம் இதே வகுப்பை வீடியோ எடுத்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பப்போகிறார்கள். இதே கதை, இதே கேள்விகள், இதே இயல்பு. வீடியோ முடிந்த கையோடு ஒப்பந்தத்தில் கையெழுத்து.

ஆகவே நாலாம் வகுப்புக்கு இயல்பாக இருப்பதற்கு ஒத்திகை வைத்தேன். "நீ இங்கே கோபமா எந்திரிக்கணும்" என்று சயான்காரனிடம் சொன்னேன்.

"கோவம் வரலியே டீச்சர். ஆமைதான் அன்னைக்கே போயிச் சேந்துட்டுல்லா?"

படப்பிடிப்பு நாளில் எல்லாருக்கும் தலையில் எண்ணெய், முகத்தில் பவுடர். தலைமையாசிரியை கேமராவுக்குப் பின்னால் என் ஒப்பந்தக் கடிதத்தோடு நின்றார். ரெட்டை ஜடைக்காரி பாடம் ஒப்பிப்பதுபோல "அது ஏன் நடக்கு டீச்சர்" என்றாள். சயான்காரன் எழுந்து அதே சுரத்தில் பதில் சொன்னான். வகுப்பு செத்துக் கிடந்தது. கேமராக்காரர் கொட்டாவி விட்டார். கடிதம் மெல்ல ஃபைலுக்குள் நுழைவதைப் பார்த்தேன்.

ஜடைக்காரிக்கும் பொறுக்கவில்லை போல. நான் எழுதிக்கொடுத்த பேப்பரில் இல்லாததைக் கேட்டாள். "மறுபடியும் எதுக்கு டீச்சர் போவுது?"

என் வாயில் அப்போது வந்தது இதுதான்: "அக்காவுக்கு உடம்புக்கு முடியலை. போன் வந்துச்சு."

பத்துக் குரல்கள் ஒன்றாகக் கிளம்பின.

"அப்பன்னா ரயிலு வேண்டாம், டாக்ஸி புடி!"

"சயான் பாலம் மூடிக் கெடக்குல, டாக்ஸி சுத்திப் போவும்!"

"எந்த ஆஸ்பத்திரின்னு கேளுங்க டீச்சர் மொதல்ல!"

சாக்பீஸ் பறந்தது. கேமராக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விடாத, எடு, எடு" என்று கிசுகிசுத்துக்கொண்டே தலைமையாசிரியை ஜன்னல் விளிம்பில் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அது என் கைக்கு வந்து சேர்ந்தபோது, ஆமையின் டாக்ஸி குர்லா நெரிசலில் நின்றுகொண்டிருந்தது.