இடது காலுக்கு நேர்ந்துகொண்டது

அன்றைக்கு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த அறைக்குள் இருந்தவர்கள் ஏழு பேர். என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி, என் மாமியார், நான், டாக்டர், அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டு நின்ற டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். எட்டாவது ஆள் கிடையாது. பிற்பாடு சொந்தத்தில் நாலைந்து பேர் தாங்களும் கூட இருந்து காதால் கேட்டதாகச் சொல்லித் திரிந்தார்கள். அதனால் எண்ணிச் சொல்கிறேன்.

அவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். காரைக்குடிக்கும் கல்லலுக்கும் நாள் முழுக்கப் போய்வரும் வண்டி. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. முதலில் இடது கெண்டைக்காலில்தான் வலி வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில் கால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நின்றால் விட்டுவிடும், நடந்தால் மறுபடி பிடிக்கும். தினமும் ஒரே கரண்ட் கம்பத்தடியில் நிற்கிறாரே என்று எனக்குப் பயம் வந்து கேட்டேன். "எப்பக் கரண்டு வரும்னு கம்பத்துக்கிட்டக் கேட்டுட்டு வாரேன்" என்றார். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். பால்காரர் வரத் தாமதமானாலே யாருக்கு என்ன ஆனதோ என்று தெருமுனைவரை போய்ப் பார்ப்பேன். அதனால் என் பயத்தை வீட்டில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பிறகு தூங்கும்போதும் வலி வந்தது. காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டுக்கொண்டுதான் கண்ணயர்வார். நகம் வெட்டியதில் பட்ட ஒரு சின்னக் காயம் ஆறவே இல்லை. உள்ளூரில் இரண்டு மாதம் மருந்து வைத்துக் கட்டினோம். சுண்டுவிரல் நுனி கறுத்த பிறகுதான் மதுரைக்குப் போனோம்.

டாக்டர் பாதத்தின் மேல் விரலை வைத்து வெகுநேரம் தேடினார். அங்கே நாடி துடிக்க வேண்டுமாம், துடிக்கவில்லை. ஏதோ வெள்ளைக்காரர் பேரில் ஒரு நோய் சொன்னார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், அந்தப் பெயர் வாயில் நிற்கவில்லை. ஆனால் விளக்கியது நின்றது. புகையிலை ரத்தக்குழாயை உள்ளே புண்ணாக்கி அடைத்துவிடும், வயசு ஆண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும் என்றார். எத்தனை பீடி என்று கேட்டார். இவர் ஒரு கட்டு என்றார். தம்பி பக்கத்திலிருந்து, "ட்ரிப்புக்கு மூணு சார், டிக்கெட் கிழிக்கிற மாதிரி" என்று போட்டுக்கொடுத்தார்.

"பீடியா காலா, ரெண்டுல ஒண்ணுதான் உங்களுக்கு. எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார் டாக்டர்.

மற்ற வழிகளையும் அவர் மறைக்காமல் சொன்னார். வெளிதேசங்களில் தொடையிலிருந்து ஒரு குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்துத் தைக்கிறார்கள். இவருக்கு அது ஆகாது, கீழே இருக்கிற சின்னக் குழாய்களும் மூடிவிட்டதால் தைக்க இடம் இல்லை. அடைப்பைக் கரைக்க நம்பிச் சொல்லும்படி மருந்து இன்னும் வரவில்லை, பலபேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நாளைக்கு வரலாம். இப்போது கையில் இருப்பது இரண்டுதான். ஒன்று, விலாவுக்குக் கீழே கீறி முதுகெலும்பை ஒட்டிப் போகும் நரம்பை வெட்டிவிடுவது. அப்படி வெட்டினால் திறந்திருக்கிற குழாய்களாவது விரிந்து, பாதத்துக்கு ரத்தம் கொஞ்சம் கூடும். அது பலிக்காவிட்டால் காலை எடுப்பது.

இதைக் கேட்டு முடிப்பதற்குள் என் கை தானாக முந்தானையில் ஒரு நாலணாவை முடிந்தது. கால் பிழைத்தால் தைப்பூசத்துக்கு அவர் பழனிக்கு நடந்து வருவார் என்று நேர்ந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. தை பிறந்தால் செட்டியார்மார் காவடி எடுத்துப் புறப்படுவார்கள். அவர்களோடு சுற்றுப்பட்டு ஊர்ச் சனங்களும் சேர்ந்து ஒரு வாரத்துக்குமேல் செருப்பில்லாமல் நடப்பார்கள். காய்ச்சலுக்கு, கோர்ட்டுக் கேஸுக்கு, பிள்ளைப்பேற்றுக்கு, எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் வாயில் வருகிற வேண்டுதல் அதுதான். நடக்க முடியாத காலுக்கு நடையையே நேர்ந்துகொள்கிறோம் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

நரம்பு ஆபரேஷன் பலித்தது. சுண்டுவிரலை மட்டும் எடுத்தார்கள், புண் ஆறிற்று. டாக்டர் என்னைக் கூப்பிட்டுப் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வருஷக்கணக்காகத் தண்ணீர்ப் பானை மாதிரிக் குளிர்ந்து கிடந்த கால், வெதுவெதுப்பாக இருந்தது. இனி அந்தப் பாதத்தில் வேர்வை வராது, காய்ந்து வெடிக்கும், எண்ணெய் தடவ வேண்டும், வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது, ஒரு பீடிகூட ஆகாது என்று சொல்லி அனுப்பினார்.

கேன்வாஸ் பூட்ஸ் வாங்கினோம். வேட்டிக்குக் கீழே பூட்ஸோடு அவர் வேலைக்குப் போனதைப் பார்த்து, "என்ன கண்டக்டரே, போலீஸ்ல சேந்துட்டீகளா?" என்று பஸ்ஸில் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டார். பீடியை விட்டிருந்தார். கம்பத்தடியில் நிற்பதும் நின்றிருந்தது. எட்டு மாதம் அப்படி ஓடியது. எங்களுக்குக் கிடைத்தது அந்த எட்டு மாதம்தான்.

மார்கழியில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் இறங்கவில்லை. நேர்ந்ததைச் சாமி கேட்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதுவரை வேண்டுதலை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம். மாமியாரிடம் சொன்னேன். அவருக்குப் பதிலாக நான் நடக்கிறேன் என்றும் சொன்னேன்.

மாமியார் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "நேந்துக்கிட்டது அவன் காலுக்கு. அவன் காலுதான் நடக்கணும்" என்றார்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்றேன். அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், அவரிடம் போய்ப் பழனியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார் என்று மாமியார் முடித்துவிட்டார். என்ன சொல்வார் என்பது எனக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் நானும் கேட்கவில்லை.

மாமியாரே என் வீட்டுக்காரர் காதில் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது இவர் சொன்னார். "நடந்துட்டு வந்துர்றேன், விடு. இல்லாட்டி நீ பயந்தே செத்துப்போவ."

தம்பி கூடப் போனார். பூட்ஸைப் பையில் போட்டு அவரே தோளில் சுமந்தார். மாலை போட்டவர் மாட்டக் கூடாது என்று போகும்போது அது பைக்குள்ளேயே இருந்தது. ஐந்தாம் நாள் இவர் குதிகாலில் வெடிப்பு வழியே ஒரு கல் ஏறியிருக்கிறது. துணியைக் கட்டிக்கொண்டு நடந்து முடித்தார். பஞ்சாமிர்தமும் விபூதியுமாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். துணியை அவிழ்த்தபோது குதிகால் நீலம் பாரித்திருந்தது.

அப்போதாவது ஓடியிருக்க வேண்டும். சாமிக்கு நடந்து வந்த புண்ணைச் சாமி ஆற்றும் என்று அந்த விபூதியையே வைத்துக் கட்டினோம். ஒன்பது நாள் போயிற்று. நாற்றம் வந்த பிறகுதான் மதுரைக்குப் போனோம்.

டாக்டர் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே நடந்தீர்கள் என்று கேட்டார். இவர் முந்திக்கொண்டார்.

"பீடி குடிச்சுட்டேன் சார். மறுபடியும் ஆரம்பிச்சுட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, கையெழுத்துக்குக் காகிதம் கொண்டுவரச் சொன்னார்.

வழியில் அண்ணன் ஒரு பீடிகூடத் தொடவில்லை என்று தம்பி பிற்பாடு என்னிடம் சத்தியம் செய்தார். நான் இவரிடம் கேட்டேன். "அவன் அசந்து தூங்குறப்பக் குடிச்சேன். அதான் காலு போச்சு. உன் வேண்டுதல்ல ஒண்ணுமில்ல" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு பேரில் யார் சொன்னது நிஜம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தம்பி சொன்னதுதான் நிஜம் என்று நினைக்கிற நாட்களில் என்னால் சோறு இறக்க முடிவதில்லை.

எழுந்து நிற்க முடிந்தால் ஆபீஸில் டிக்கெட் கட்டு எண்ணிக் கொடுக்கிற வேலை தருகிறேன் என்று பஸ் முதலாளி சொல்லியிருந்தார். அதனால் மதுரையில் மரக்கால் செய்கிற ஒருவரிடம் அளவு கொடுத்தோம். முந்நூற்று இருபது ரூபாய். என் தோட்டை விற்று நூற்று நாற்பது கொடுத்தேன். மிச்சத்தை மாதம் இருபதாகத் தரச் சொன்னார், நல்ல மனுஷர். தோல்வாரை இறுக்கிக்கொண்டு இவர் வாசல்வரை நடந்து பழகினார். முதல் தவணை கொடுத்த மறுவாரம் முழங்காலுக்குக் கீழே வெட்டிய இடம் கறுக்கத் தொடங்கியது. பீடி இல்லாமலேயே கறுத்தது. வெட்டுவதற்கு இனி நரம்பு ஒன்றும் இல்லை, காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர். இந்த முறை தொடையில் எடுத்தார்கள்.

முழங்காலுக்கு எடுத்த அளவு தொடைக்குச் சேராது. மரக்காலைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று தம்பி போய்க் கேட்டார். ஒருத்தர் அளவுக்குச் செய்தது இன்னொருத்தருக்கு ஆகாதே, நான் என்ன செய்வேன், முடிந்தபோது கொடுங்கள் என்றாராம். முதலாளி அந்த வேலைக்கு வேறு ஆளை வைத்துவிட்டார். அதற்குமேல் ஒரு தவணைகூட எங்களால் கொடுக்க முடியவில்லை. அந்தக் காலுக்கு இன்னும் பாக்கி நூற்று அறுபது ரூபாய்.