மல்லாட்டைக்காரம்மாவின் கட்டைவிரல்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் என் கிளினிக்குக்கு எதிரே சாயங்காலம் ஒரு தள்ளுவண்டி நிற்கும். அவித்த மல்லாட்டை வாசனை மாடியேறி வந்துவிட்டால் எனக்கு வேலை ஓடாது. நேற்று வண்டியில் புதுப் பலகை தொங்கியது: வேகவைத்த வேர்க்கடலை. ஏன் என்றேன். கிரிவலம் வருகிறவர்களுக்குப் புரிய வேண்டாமா என்றார் வண்டிக்காரர்.

அவரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சென்னைக்குப் பிளாஸ்டிக் சர்ஜரி படிக்கப் போனபோது, விடுதி மெஸ்ஸில் மல்லாட்டை என்று சொல்லிக் கேலி வாங்கி, ஒரே மாதத்தில் வேர்க்கடலைக்கு மாறியவன் நான். ஊசி பிடிக்கப் பழகுவதற்கு முன்பே நாக்கு பழகிவிட்டது.

மூன்று வருஷப் படிப்பு. செய்த ஆபரேஷனையெல்லாம் லாக்புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். என் லாக்புக் நல்ல தடிமன். இருந்தும் கடைசித் தேர்வில் ஃபெயில். பரிசோதித்துச் சொல்வதற்காக முன்னால் உட்காரவைத்திருந்த நோயாளியை விட்டுவிட்டு, ஆபரேஷன் பெயர்களாக அடுக்கித் தள்ளினேன். பையன் பாஸா என்று யாராவது கேட்டால் அப்பா பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவாராம்.

இரண்டாம் தடவை, பரீட்சைக்குக் கொடுக்கப்பட்டவர் எங்கள் ஊரை அடுத்த கீழ்பென்னாத்தூர் பக்கத்து அம்மா ஒருவர். வலது கட்டைவிரல் உள்ளங்கையோடு ஒட்டிப்போயிருந்தது. எப்படி ஆச்சு என்று கேட்டேன்.

"மல்லாட்டை ஒடைக்கிற மெஷின்ல மாட்டிக்கிச்சு சார்."

எழுதிக்கொண்டேன். அந்த அம்மா என்னையே பார்த்தார்.

"எந்த ஊரு சார் நீங்க?"

"திருவண்ணாமலைம்மா."

"அதான பாத்தேன். மத்தவங்கல்லாம் மல்லாட்டைனா இன்னானு கேட்டாங்க. நீங்க கேக்கல."

அதற்கப்புறம் பரீட்சை ஞாபகமே இல்லாமல் பேசினோம். பிளாஸ்டிக் வைத்தால் வெயிலில் உருகாதா என்று கேட்டார். பிளாஸ்டிக்கே கிடையாது, உங்கள் தோலைத்தான் எடுத்து வைப்போம் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. விரல் அழகெல்லாம் வேண்டாமாம், செடியிலிருந்து காய் ஆயும் அளவுக்குப் பிரிந்தால் போதுமாம்.

தேர்வாளர்கள் வந்தார்கள். மூத்தவர் கேட்ட முதல் கேள்வியே, இவருக்கு இந்தக் கை எதற்கு வேண்டும் என்பதுதான். பள்ளி லீவில் சித்தப்பா நிலத்தில் காய் ஆய்ந்தவன் நான். இல்லாத செடியை இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காற்றில் பறித்துக் காட்டினேன். இந்த இடுக்கு விரிந்தால் போதும் என்றேன். மூத்தவர் தானும் ஒருமுறை பறித்துப் பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது அந்த அம்மா சொன்னார்: "பாஸாயிட்டு எனக்கு நீங்களே பண்ணுங்க சார்."

"கண்டிப்பாம்மா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பாஸான செய்தி வந்த வாரமே வெளியூரில் வேலை கிடைத்தது. பெட்டியைக் கட்டினேன். வார்டுப் பக்கம் போகக்கூட இல்லை. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஊருக்குத் திரும்பிய பிறகு தேடலாம் என்றால் பெயர் தெரியாது. நோயாளியிடம் முதலில் கேட்கச் சொல்லித்தருவதே பெயரைத்தான். கேட்டேன், எழுதினேன், விடைத்தாளோடு கொடுத்துவிட்டேன்.

என் பெயர் போட்ட சான்றிதழ் சுவரில் இருக்கிறது. காய் ஆயவும் இப்போது மெஷின் வந்துவிட்டது. மல்லாட்டை என்ற சொல்லும் தள்ளுவண்டியிலிருந்து இறங்கிவிட்டது. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வயதான அம்மா யார் வந்தாலும், என்ன உடம்புக்கு என்று கேட்பதற்கு முன்னால், நான் வலது கட்டைவிரலைப் பார்க்கிறேன்.